மாட்டுக்குத்தான் முதல் வணக்கம்

மே மாபொலோகோ மாட்டின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, தோளிலிருந்து நழுவும் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டு, "துமேலா மே. நல்லாருக்கியா? வீட்ல கன்னுக்குட்டிங்க சொகமா?" என்று விசாரிக்கிறார். மாடு புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார். அதன் பிறகுதான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரின் பக்கம் திரும்பி அவருக்கு ஒரு துமேலா, ஒரு வணக்கம் சொல்கிறார். வந்திருப்பவர் எங்கள் ஊர்த் தலைவர் மொரேனாவாகவே இருந்தாலும் இந்த வரிசை மாறாது. ஒருமுறை காரணம் கேட்டேன். "மாடு பொய் சொல்லாது ந்தாத்தே. மனுசங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நல்ல மொகத்தப் பாத்து வெச்சுக்கலாமேன்னுதான்" என்றார்.

மே மாபொலோகோ எங்கள் ஊரான ஹா செலேபேயில் மாட்டுச் சீட்டு எழுதுகிறவர். இந்த மலை நாட்டில் சீட்டு இல்லாமல் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஊர் எல்லை தாண்டி ஓட்டிப் போக முடியாது. யாருடையது, என்ன நிறம், காதில் என்ன வெட்டு, எங்கிருந்து எங்கே போகிறது, எதற்காக என்று எல்லாம் எழுதி முத்திரை குத்த வேண்டும். மொரேனாவின் அலுவலகத்துக்கு வெளியே பீச் மரத்தடியில் அவருடைய மேசை கிடக்கிறது. மழை பெய்தால் மேசையை உள்ளே எடுத்துப் போவார்கள். பனி பெய்தால் அவர் கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் மாட்டை அலுவலகத்துக்குள் விட மாட்டார்களாம், அதைத் தனியாக வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போவது மரியாதை இல்லையாம்.

அறுபதைத் தாண்டிய, அகலமான பெண்மணி. மார்பில் ஐந்து ஊக்குகள் வரிசையாக இருக்கும். ஒன்று கம்பளிக்கு, ஒன்று பேனாவுக்கு, ஒன்று அலுவலகச் சாவிக்கு, ஒன்று யாராவது அவசரத்துக்குக் கேட்டால் கொடுக்க. ஐந்தாவது எதற்கு என்று அவருக்கே தெரியாது. முத்திரையை ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருக்கிறார். குத்துவதற்கு முன் இரண்டு முறை ஊதியும் பொடி முழுசாகப் போவதில்லை. அதனால் அவர் குத்திக் கொடுத்த சீட்டை விரித்துப் பார்க்கிற போலீஸ்காரர்கள் ஒரு தும்மல் போடாமல் திருப்பிக் கொடுப்பதில்லை. தும்மல் வராத சீட்டைக் கள்ளச்சீட்டு என்று பிடித்து வைத்த போலீஸ்காரரும் உண்டு, அவர் பிடித்தது சரியாகவும் இருந்தது.

கல்யாணமான பெண்ணை இங்கே மே என்றும் ஆண்பிள்ளையை ந்தாத்தே என்றும்தான் கூப்பிடுவோம். வெறும் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வந்திருக்கிறாய் என்று அர்த்தம். மருமகளாக ஒருத்தி வீட்டுக்குள் வந்ததுமே, அவளுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துப் பெயர் வைத்துவிடுவார்கள். மாபொலோகோ என்றால் பொலோகோவின் தாய். நாற்பது வருடமாகியும் அந்தப் பொலோகோ பிறக்கவில்லை. "எம் பேர்லயே ஒரு ஆளக் காணோம். நான் போயி அடுத்தவங்க மாட்டக் கண்டுபிடிக்கிறேன் பாருங்க" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அவர்கள் பங்கையும் சேர்த்து அவரே சிரித்துவிடுவார்.

இந்த இடத்தில் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் முட்டாள் நான்தான். பெயர் லெசோலே. தலைநகர் மசேருவில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திவிட்டு, அப்பா இறந்த பிறகு ஐந்து வருடத்துக்கு முன் ஊருக்குத் திரும்பியவன். இதே பத்திரிகையில் 'துப்பறியும் செக்வாட்டி' தொடரை எழுதுகிறவன். இதுவரை நாற்பத்தொரு வழக்குகள். செக்வாட்டி ஒல்லியானவர், மழைக்கோட்டு அணிபவர், புகையிலைச் சாம்பலை முகர்ந்தே கொலைகாரனின் மாமனார் ஊரைச் சொல்லிவிடுவார். அவரைப் படைத்த எனக்குச் சொந்த மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. என் மனைவி மாதாத்தோதான் அதை என் தலைமேலிருந்து எடுத்துக் கொடுப்பாள்.

எழுதுவதற்கு என்று ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன். குளிருக்காக அதன் அடியில் ஒரு பழைய மாட்டுத்தோலை விரித்திருக்கிறேன். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடும். அந்தக் காலுக்கு அடியில் தோலின் ஓர் ஓரத்தை மடித்துச் செருகி வைத்த பிறகு ஆட்டம் நின்றது, செக்வாட்டியும் வேகமாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். வாசகர்கள் சிலர் கடிதம் போட்டு, செக்வாட்டி நிஜத்தில் யார் என்று கேட்பதுண்டு. கொஞ்சம் என் சாயல்தான் என்று பதில் எழுதி வந்தேன். போன ஆகஸ்டு மாதத்திலிருந்து அப்படி எழுதுவதில்லை.

மே மாபொலோகோவுக்குச் சாம்பலெல்லாம் தேவையில்லை. திருட்டு என்ற சொல்லையே அவர் எடுப்பதில்லை. காணாமல் போன மாட்டைப் பற்றி "வழி மாறிப் போயிருக்கு" என்பார், அதை ஓட்டிக்கொண்டு போனவனைப் பற்றி "அவருக்கும் வழி மாறிடுச்சு" என்பார். யாரையும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. சீட்டு எழுதும்போது எல்லோரிடமும் ஒரே கேள்விதான். பேனாவை ஊக்கிலிருந்து உருவிக்கொண்டே, "இவளப் பத்திச் சொல்லுங்க" என்பார்.

போன வருடம் ஆறு செம்மறியாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். நல்ல கம்பளி, நல்ல தொப்பி, பளபளவென்ற காலணி. இந்தக் கேள்விக்கு அவர் வரிசையாகப் பாராட்ட ஆரம்பித்தார். சாதுவான ஆடு, நோய் நொடி கிடையாது, ரோமம் பட்டு மாதிரி, சொன்ன பேச்சு கேட்கும் என்றார். மே மாபொலோகோ ஒரு வரியும் எழுதாமல், உட்காருங்கள் தேநீர் வருகிறது என்று சொல்லிவிட்டு, போலீசுக்கு ஆள் அனுப்பினார். ஆறும் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வழி மாறி வந்தவை. எப்படித் தெரிந்தது என்று மறுநாள் குறிப்பேடும் கையுமாகப் போய் நின்றேன், செக்வாட்டிக்கு உதவுமே என்று. "சொந்தக்காரன்னா திட்டுவான் ந்தாத்தே. வேலி தாண்டும், துணியத் திங்கும், ராத்திரி கத்தும்னு ஏதாவது ஒண்ணு சொல்லுவான். கூட இருந்தவனுக்குத்தான கொற தெரியும்" என்றார். அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன், அடிக்கோடும் போட்டேன். போட்டதோடு சரி.

ஆகஸ்டில், பீச் மரம் இலை விடுவதற்கு முன்பே பூத்துக் கொட்டியிருந்த ஒரு வியாழக்கிழமை, என் இரண்டு ஆடுகளுக்குச் சீட்டு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் ஒரு பசுவோடு நின்றார். ஆற்றுக்கு அப்பால் மூன்று மணி நேரம் நடக்க வேண்டிய குடியிருப்பு. பெயர் பெயெல்லோ. மெலிந்த மனிதர், சாம்பல் நிறக் கம்பளி, ரப்பர் பூட்ஸ், பேசினால் பேசலாமா என்று அனுமதி கேட்பது போல இருக்கும். மூத்த மகனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை பெண் வீட்டுக்குப் பரிச மாடுகளை ஓட்டிப் போக வேண்டும், மற்ற மாடுகளுக்குச் சீட்டு ஆகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பும் வெள்ளையுமான அழகான பசு, தமாஹானே என்று பெயர். அது தலையைத் திருப்பியது. அதன் இடது காதைப் பார்த்தேன்.

நுனியில் தகைவிலான் குருவியின் வால் மாதிரி ஒரு பிளவு, கீழ் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. அறுபது வருடம் என் அப்பா தன் கையால் போட்டு வந்த குறி. இது என் அப்பாவின் மாடு என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். நாற்பத்தொரு வழக்கின் திமிர் தலைக்கு ஏறிவிட்டது. இந்த ஆள் திருடன் என்று, அந்த முற்றத்தில் இருந்த இருபது பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

மாட்டுத் திருடன் என்ற சொல் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விழுந்தால் எழுந்திருக்காது. அந்த வீட்டில் யாரும் நெருப்பு வாங்க மாட்டார்கள், பெண் கொடுப்பது அப்புறம். பெயெல்லோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "ந்தாத்தே, அந்த வார்த்தைய மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. சனிக்கெழம எம் பையனுக்காகப் பொண்ணு வீட்டுக்குப் போறோம்" என்றார்.

சத்தம் கேட்டு மொரேனா வெளியே வந்தார். அவருக்கு அன்றைக்குப் பல்வலி, கன்னத்தில் துணி கட்டியிருந்தார். பெயெல்லோ நடந்ததைச் சொன்னார். இருபது வருடத்துக்கு முன் என் அப்பா ஒரு பசுவை அவரிடம் மாஃபிசாவாக விட்டிருந்தார். மாஃபிசா என்றால் வாரத்துக்கு விடுவது மாதிரிதான். பாலும் உழவும் வளர்ப்பவருக்கு, கன்றுகள் சொந்தக்காரருக்கு. பசு செத்தால் அதைத் தின்றுவிடவில்லை, விற்றுவிடவில்லை என்பதற்குச் சாட்சியாக, காதோடு சேர்த்துத் தோலை உரித்துச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பசுவின் கடைசிக் கன்றுதான் இந்தத் தமாஹானே. என் அப்பா சாவதற்கு முந்தின வருடம் தானே மலையேறி வந்து, கன்றின் இடது காதில் தன் குறியும் வலது காதில் பெயெல்லோவின் குறியுமாக வெட்டி, இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதற்கு இது உனக்கு என்று கொடுத்துவிட்டுப் போனாராம். தாய்ப்பசு அடுத்த வருடம் செத்தது. தோலைத் தூக்கிக்கொண்டு இவர் வந்தபோது எங்கள் வீட்டில் துக்கம்.

யாரிடம் கொடுத்தீர்கள் என்று மொரேனா கேட்டார். மொட்டையடித்த ஒருவர் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டதாகவும், துக்க வீட்டில் ஆண்கள் எல்லோருக்குமே மொட்டை என்பதால் முகம் நினைவில்லை என்றும் பெயெல்லோ சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தோலே கிடையாது என்று நான் சொன்னேன். என் அப்பாவின் சமாதி மேல் ஆணையாக என்றும் சேர்த்துக்கொண்டேன். பசு அதுவரை மொரேனாவின் பட்டியில் நிற்கட்டும், திங்கட்கிழமைக்குள் தோல் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகும் என்று தீர்ப்பாயிற்று. கல்யாணக் காரியம் சனிக்கிழமை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

மொரேனா உள்ளே போன பிறகு மே மாபொலோகோ பேனாவை உருவினார். யார் பக்கம் சீட்டு எழுதினாலும் விவரம் வேண்டுமே என்று சொல்லி, முதலில் என்னிடம் "இவளப் பத்திச் சொல்லுங்க" என்றார். என் வாய்க்குச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் பரம்பரையின் பசு, நடையில் ஒரு கம்பீரம், கண்ணில் என் தந்தையின் அமைதி என்று ஒரு பக்கத்துக்கு வெளுத்து வாங்கினேன். பிறகு பெயெல்லோவிடம் கேட்டார். அவர் தயங்கினார், காலால் மண்ணைத் தள்ளினார். "என்னத்தச் சொல்றது மே. பின்னங்கால் எடது பொல்லாதது, கறக்கும்போது ஒதைக்கும். கம்பளியக் காயப்போட்டா ஓரத்தத் தின்னுரும். தண்ணியில எறங்காது, பாட்டுப் பாடினாத்தான் ஆத்தத் தாண்டும். காலையில பாடிப் பாடி எனக்குத் தொண்டையே போச்சு" என்றார். மே மாபொலோகோ இரண்டையும் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் தன் கேஸைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மாலையே நாற்பத்திரண்டாவது வழக்கை ஆரம்பித்தேன். மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு நயவஞ்சகத் திருடன், சாம்பல் நிறக் கம்பளி, மெல்லிய குரல். மாதாத்தோ சோள மாவுக் களியைக் கிண்டியபடியே கேட்டுவிட்டு, அந்த ஆள் இப்போது எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டாள். பட்டிக்குப் பக்கத்தில்தான், மாட்டை விட்டுவிட்டு எந்த முகத்தோடு மலையேறுவது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம் என்றேன். அவள் களியும் கீரையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிராளிக்குச் சோறு போடுகிறவளை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படித் துப்பறிவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மே மாபொலோகோ எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐந்து வருடத்தில் அவர் வந்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் என்னையும் பார்க்காமல் மாதாத்தோவையும் பார்க்காமல், என் நாற்காலிப் பக்கம் லேசாகக் குனிந்து, "துமேலா மே" என்றார். பாவம், கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, தேநீர் குடிக்க வந்தேன், அப்படியே செக்வாட்டி என்ன செய்கிறார் என்று கேட்கலாமென்று பார்த்தேன் என்றார். இதற்குமேல் ஓர் எழுத்தாளனுக்கு என்ன வேண்டும்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது வழக்கின் முதல் அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். கதையில் மூழ்கிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடித்ததும், "நல்லாருக்கு ந்தாத்தே. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்றார். எழுந்தேன். அவர் மூச்சு வாங்க மண்டியிட்டு, நாற்காலியின் குட்டைக் காலைத் தூக்கி, அதற்கடியில் நான் ஐந்து வருடமாகச் செருகி வைத்திருந்த மடிப்பை உருவி, எச்சில் தொட்டுத் தேய்த்து, விரித்துப் பிடித்தார். அது தோலின் ஓரம் இல்லை, காது. நுனியில் குருவி வால், கீழே அரைவட்டம்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்த மாதாத்தோதான் முதலில் வாயைத் திறந்தாள். "நாப்பத்தோரு கேசு" என்றாள். "அத்தனையும் இதுமேல உக்காந்துதான்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மொட்டைத் தலையும் கறுப்புத் துணியுமாக வாசலில் நின்றது நான்தான். குளிரில் உதடு வெடித்த ஒரு மனிதர் குதிரையிலிருந்து இறங்கி, சுருட்டிய தோலை இரண்டு கையாலும் நீட்டி, இது இந்த வீட்டுடையது என்று சொன்னார். துக்கத்துக்கு வந்தவர் ஏதோ அன்பளிப்புக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நகரத்தில் மலர்வளையம் கொடுப்பார்கள், மலையில் தோல் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. என் அப்பா மலையேறிப் போய்த் தன் கையால் கொடுத்த பசுவை, அவர் மகன் நான், திருட்டு மாடு என்று ஊர்கூட்டிக் கத்தியிருக்கிறேன்.

உங்களுக்கு எப்போது தெரியும் என்று மே மாபொலோகோவைக் கேட்டேன். வியாழக்கிழமையே தெரியும் என்றார். வழி மாறி ஓட்டி வருகிறவன் பழைய குறியைச் சீவி எறிந்துவிட்டுத்தான் தன் குறியைப் போடுவான், இங்கே இரண்டு காதிலும் வெட்டு அப்படியே இருக்கிறது, இரண்டும் ஒரே வயசில் ஆறிய வெட்டு. அதோடு நான் புகழ்ந்தேன், அவர் திட்டினார். தோலை ஒப்படைத்தேன் என்று அவர் சொன்னால் அது எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், எழுதுகிறவன் வீட்டில் எதைத் தேடுவதென்றாலும் முதலில் அவன் உட்காருகிற இடத்தில் தேடலாமே என்று வந்தாராம். பிறகு ஏன் அன்றைக்கே மொரேனாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்க அந்த மனிதர் பட்டியோரம் கிடந்திருக்க வேண்டாமே?

"மொரேனாவுக்குத் தோல் வேணும், அது ஒண்ணு" என்று சொல்லி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இன்னொண்ணு, நான் சொல்லியிருந்தா அது எம் வாயி ந்தாத்தே. எல்லார் முன்னாடியும் அப்பிடிச் சொன்ன வாயி, அப்பிடி இல்லன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அது உங்ககிட்டதான் இருக்கு."

சனிக்கிழமை காலையில் தோலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். கூடவே மாதாத்தோ வந்தாள், நான் பாதியில் திரும்பிவிடுவேனோ என்ற சந்தேகத்தில். மொரேனாவின் முற்றத்தில் கூட்டம். பெயெல்லோவின் மகனும் சொந்தக்காரர்களும் மலையிலிருந்து மற்றப் பரிச மாடுகளோடு இறங்கி வந்து, புதுக் கம்பளிகளில், எங்கேயும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். செய்தி அதற்குள் பெண் வீடு வரைக்கும் போயிருந்தது. இன்று மாடுகள் எல்லாம் வந்தாலும், அந்தச் சொல் என்னவென்று தெரியாமல் வாசலைத் திறக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

தோலைத் தரையில் விரித்தேன். காதைத் தூக்கிக் காட்டினேன். நான் இவரைத் திருடன் என்று சொன்னேன், இவர் திருடன் இல்லை, இவர் கொண்டு வந்து கொடுத்த தோலை வாங்கியது நான், ஐந்து வருடமாக அதன்மேல் உட்கார்ந்து துப்பறியும் கதை எழுதியதும் நான் என்று சத்தமாகச் சொன்னேன். கடைசி வரியில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு முற்றமே சிரித்தது. மொரேனா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல் வலிக்கிறது நிறுத்துங்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தார். பட்டியைத் திறந்துவிடச் சொன்னார்.

பெயெல்லோ சிரிக்கவில்லை. குனிந்து தோலைத் தடவிப் பார்த்தார், பதினைந்து வருடம் பால் கொடுத்த பசு அது. என்னைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போய், நானும் உங்களோடு வருகிறேன், பெண் வீட்டு வாசலில் நின்று இதையே இன்னொரு முறை சொல்கிறேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் தோலைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மகன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பரிசக் கூட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பது மாப்பிள்ளையின் தகப்பன் முடிவு. அதில் மொரேனாவே தலையிட முடியாது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

பீச் மரத்தடியில் மே மாபொலோகோ சீட்டை எழுதி முடித்திருந்தார். தமாஹானேவுக்கு வணக்கம் சொன்னார், கன்று போட்டால் சொல்லி அனுப்பு என்றார். பெயெல்லோவுக்கு வணக்கம் சொன்னார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து முத்திரையை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து, மேசையைச் சுற்றி என்னிடம் வந்தார். என் இடது காதைப் பிடித்து இழுத்து, முன்னால் ஒருமுறையும் மடக்கிப் பின்னால் ஒருமுறையும் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. காதை விடாமல் பெயெல்லோவின் பக்கம் திரும்பினார்.

"இவரப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

பெயெல்லோ என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை, சந்தையில் பார்ப்பது போல, நிதானமாகப் பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளினார். "என்னத்தச் சொல்றது மே" என்று ஆரம்பித்தார். "கண்ணு அவ்வளவா தெரியாது. காலடியில கெடந்தாலும் தெரியாது. தொண்ட மட்டும் பெருசு. தண்ணியக் கண்டா எப்பிடின்னு தெரியல, ஆத்துல பாடித்தான் எறக்கணும் போலருக்கு."

மே மாபொலோகோ ஒரு கையால் என் காதைப் பிடித்தபடியே, மறு கையிலிருந்த முத்திரையை வாய்க்கருகே கொண்டுபோய் இரண்டு முறை ஊதினார்.